பத்தரை மணி மாத்திரை

பழனிசாமி தன் சர்வீஸில் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுக்க விட்டதில்லை. கோபியிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிரைவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, நேரம் ஆனால் விசில் வாய்க்குப் போய்விடும். டிரைவர் மீதி டீயை மண்ணில் கொட்டிவிட்டு, இவரைத் திட்டிக்கொண்டே ஓடி வந்து ஏறுவார். “பழனிசாமி பொண்டாட்டி பஸ்ஸுக்கு வந்தாலும் நிறுத்த மாட்டான்யா” என்று டிப்போவில் கேலி செய்வார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்ட மனிதர் ஆயுளில் ஒரே ஒரு நாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனார். மெல்பர்னில், டார்னெய்ட்டில் இருக்கும் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கும் அந்த ஒரு நாளைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். எத்தனை தடவை ஓட்டினாலும் வண்டி அதே இடத்தில் போய்த்தான் நிற்கிறது.

விஷயம் என்னவோ சின்னது. ஒருவர் எழுந்து நிற்பதா, வேண்டாமா என்பதுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் வேலைக்காலம் முழுவதும் நின்றுகொண்டே கழித்தவருக்கு, இன்னொருவர் தனக்காக எழுந்து நிற்பது என்பது சின்ன விஷயம் இல்லை. கண்டக்டருக்கென்று பஸ்ஸில் ஒரு சீட் உண்டு. அதை மாசமாக இருக்கும் பெண்ணுக்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவனுக்கோ கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்குவார். காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடக்கிறது. டிப்போ மேனேஜர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அவருக்காக யாரும் எழுந்ததில்லை. ரிட்டையர் ஆன அன்று மட்டும், மாலையைப் போட மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். டிப்போவே எழுந்தது. அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூடக் கொங்கு நாட்டில் இல்லை.

மகள் ஹரிப்பிரியா மெல்பர்னுக்குப் பார்மசி படிக்க வந்து, இங்கேயே ட்ருகனினாவில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கூடப் படித்த அருந்தவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று போனில் சொன்னபோது, பழனிசாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பையன் இலங்கைத் தமிழன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சண்டைக் காலத்தில் ஓடி வந்து ஸ்பிரிங்வேலில் குடியிருப்பவர்கள். மூன்றாம் நாள் பசி வென்றது. பெண் சந்தோஷமாக இருந்தால் சரி என்று விமானம் ஏறினார். மனைவி அதற்கு முந்தின வருடம்தான் இறந்துபோயிருந்தாள்.

நிச்சயதார்த்தம் ஸ்பிரிங்வேலில் ஒரு ஹாலில் நடந்தது. தட்டு மாற்றும் நேரம் வந்தது. வெற்றிலை பாக்கு, பழம், புடவை வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு பழனிசாமி தனியாக மேடை ஏறினார். மனைவி இருந்திருந்தால் தட்டின் மறுபக்கத்தை அவள் பிடித்திருப்பாள் என்று நினைத்தபோதே கண் கலங்கியது. எதிரே மாப்பிள்ளையின் அப்பா அரியரத்தினம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நெடிய உருவம், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. தட்டு அவர் முன்னால் வந்தும் எழவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “நல்லது சம்பந்தி, இருங்கோ” என்று சிரித்தார்.

பழனிசாமிக்கு முகம் கறுத்துப் போயிற்று. டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவனைப் பஸ்ஸை விட்டு இறக்குவதுபோல, அப்போதே பெண்ணைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அரியரத்தினத்தின் மனைவி யோகா ஓடி வந்து, “அவர் விடியத் தொடக்கம் ஓடித் திரிஞ்சு களைச்சுப் போனார் அண்ணை, குறை நினையாதேங்கோ” என்றாள். களைப்பாம். பெண்ணைப் பெற்றவன் ஏழு கடல் தாண்டி வந்து நிற்கிறான், பிள்ளையைப் பெற்றவனுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த களைப்பாம்.

உண்மை வேறு. அதைச் சொல்ல அன்று யாருக்கும் வாய் வரவில்லை. அரியரத்தினத்துக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி. அது உள்ளே நரம்புகளைத் தின்றுவிட்டது. உட்கார்ந்து எழுந்தால் ரத்த அழுத்தம் திடுமென்று இறங்கும், கண் இருட்டும், சாய்ந்து விழுவார். இரண்டு முறை கோயிலிலேயே விழுந்திருக்கிறார். ‘விழுற வருத்தம்’ என்று வெளியே தெரிந்தால் வலிப்பு என்றுதான் ஊர் பேசும், பரம்பரை நோய் என்று பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று யோகா பயந்தாள். கல்யாணம் முடியும்வரை ஒருவரும் மூச்சு விடக் கூடாது என்று புருஷனுக்கும் பிள்ளைக்கும் கட்டளை போட்டுவிட்டாள். அதனால் அரியரத்தினம் நிச்சயதார்த்தத்திலும் உட்கார்ந்திருந்தார், கல்யாணத்திலும் உட்கார்ந்திருந்தார். திமிர் பிடித்தவர் என்ற பேரை வாங்கிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஹரிப்பிரியாவுக்கு எல்லாம் தெரிந்தது. பழனிசாமி மகளோடு இருக்கலாம் என்று டார்னெய்ட்டுக்கே வந்து சேர்ந்ததும் அவள் சொல்லியும் பார்த்தாள். அதுதான் அவருக்கு இன்றைக்கும் அறுக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

“அப்பா, அவரு உக்காந்து எந்திரிச்சா பிரஷர் படக்குன்னு இறங்கிடுதுங்கப்பா. நாம எந்திரிக்கறப்ப கால்ல இருக்கற ரத்தக் குழா தானா இறுகி ரத்தத்த மேல தள்ளும். அவருக்கு அது நடக்கறதில்ல. ரத்தம் கால்லயே நின்னுக்குது, தலைக்குப் போறதில்ல” என்றாள்.

“லோ பிரஷர்தான? எங்கம்மாளுக்கும் இருந்துச்சு கண்ணு. எலுமிச்சம்பழத்துல ஒரு கல்லு உப்பப் போட்டுக் குடிச்சுட்டு நாத்து நடப் போயிருவா.”

“இது அந்த மாதிரி இல்லீங்கப்பா. மிடோட்ரின்னு ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. உடம்புல உப்பப் புடிச்சு வெக்கறதுக்கு இன்னொரு மாத்திரை. இடுப்பு வரைக்கும் இறுக்கமா ஒரு சாக்ஸ். அத்தனையும் போட்டுட்டுத்தான் நடமாடறாரு.”

“மாத்திரை போடறாரல்ல? அப்பறம் எந்திரிக்கறதுக்கு என்ன?”

“போட்ட உடனே வேலை செய்யாதுங்கப்பா. அரை மணி, முக்கா மணி ஆகணும். அப்பறம் ரெண்டு மூணு மணி நேரந்தான் தாங்கும், இறங்கிரும். நெனச்சப்ப இன்னொண்ணு போடவும் கூடாது. போட்டுட்டுப் படுக்கவும் கூடாது. படுத்தா பிரஷர் கன்னாபின்னான்னு ஏறிக்கும்.”

“படுக்கவும் கூடாது, எந்திரிக்கவும் கூடாது. நல்ல மாத்திரைதான் போ” என்று பழனிசாமி டிவியைப் போட்டார்.

அவருடைய அகராதியில் ஹை பிரஷர் என்றால் வியாதி, லோ பிரஷர் என்றால் சாக்கு. அவருக்கே ஹை பிரஷர் உண்டு. மகள் அவருக்கு உப்பில்லாமல் சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டு, மாமனாருக்கு மட்டும் ஊறுகாய் பாட்டில் வாங்கிப் போவாள். டாக்டர் உப்புக் கூடுதலாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார். பழனிசாமிக்கு அதுவும் ஒரு மனத்தாங்கலாகப் போயிற்று. தனக்குப் பத்தியம், அவருக்கு விருந்து.

ஸ்பிரிங்வேலுக்குப் போகும்போதெல்லாம் அதே கதைதான். வாசலைப் பார்த்துப் போட்ட கதிரையில் அரியரத்தினம் உட்கார்ந்திருப்பார். “வாங்கோ சம்பந்தி, இருங்கோ” என்பார். கிளம்பும்போதும் உட்கார்ந்தபடியே கை கூப்புவார். வாசல் வரை வந்து வழியனுப்பமாட்டார். ஒருமுறை அவர் டார்னெய்ட்டுக்கு வந்தபோது பழனிசாமி கணக்குத் தீர்த்தார். சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, “வாங்க” என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அருந்தவன் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தான். பிள்ளைமேல் சாய்ந்துகொண்டு ஜம்பமாக வருகிறார் பார் என்று தோன்றியதே தவிர, ஒரு மனிதனுக்கு எதற்காக அப்படிச் சாய வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. வீம்பு கண்ணில் ஏறிவிட்டால் கண் எதிரே இருப்பது தெரியாது. அதன் பிறகு ஸ்பிரிங்வேல் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். மூட்டு வலி, ஜலதோஷம், இந்தியாவிலிருந்து போன் வரும் என்று வாரத்துக்கு ஒரு காரணம் சொல்வார்.

இப்படியே இருந்திருந்தாலும் பெரிய சேதம் இல்லை. பேரன் பிறந்தான்.

பிரசவம் பார்க்கப் பெண்ணின் அம்மா இல்லை. அதனால் யோகாதான் ஹரிப்பிரியாவையும் குழந்தையையும் ஸ்பிரிங்வேலுக்குக் கூட்டிப் போனாள். மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்தாள், மூலிகை ஆவியில் வேது பிடித்தாள், சொந்த மகளுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தாள். பழனிசாமி டார்னெய்ட்டில் தனியாகத் தோசை சுட்டுத் தின்றுகொண்டு கிடந்தார். பேரனை ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்ததோடு சரி. மற்றபடி போனில்தான். போனில் பேரனின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். போனை அணைத்த பிறகு வீடு முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. போய்ப் பார்த்தால் என்ன என்று கால் பரபரக்கும். அந்தக் கதிரை நினைவுக்கு வரும், கால் அடங்கிவிடும்.

முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைத் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு அழைக்க அருந்தவன் நேரில் வந்தான். “மாமா, சண்டே. நான் வந்து ஏத்திக்கொண்டு போறன்” என்றான்.

பழனிசாமி தோசைக்கல்லைப் பார்த்தபடியே, “மாப்ளே, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. உங்கப்பா எந்திரிச்சு நின்னு ஒரே ஒரு தடவை வாங்கன்னு சொல்லட்டும். நான் வர்றேன். இல்லீன்னா பேரன் இங்க வர்றப்பப் பாத்துக்கறேன்” என்றார்.

அருந்தவன் இங்கேயே வளர்ந்த பிள்ளை. பெரியவர்களை எதிர்த்துப் பேசத் தமிழும் போதாது, மனமும் இல்லை. “மாமா, அப்பாவுக்கு ஏலாது...” என்று தொடங்கியவன், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். “ஓகே மாமா. அப்பாட்டச் சொல்லுறன்” என்று போய்விட்டான்.

மறுநாள் அரியரத்தினமே போன் செய்தார்.

“சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை எத்தினை மணிக்கு வருவியள்?”

“பதினோரு மணிக்கு வந்துர்றனுங்க.”

“சரியாப் பதினொண்டுக்கோ?”

“நான் கண்டக்டருங்க. நேரம் தவற மாட்டேன்.”

“அது எனக்குக் காணும்” என்று அரியரத்தினம் போனை வைத்தார். போதும் என்பதை அவர்கள் வீட்டில் காணும் என்றுதான் சொல்வார்கள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. எதற்கு இந்த ஆள் நேரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை கேட்கிறார் என்று பழனிசாமிக்கு விளங்கவில்லை. எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே வெயில் கொளுத்தியது. கார் வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டதால் ரயிலில் கிளம்பினார். பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண் கொடி சட்டைப் பையில் இருந்தது. நடுவில் வண்டி மாறி, ஸ்பிரிங்வேலில் இறங்கியபோது பதினொன்றுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பழக்கம் எங்கே போகும்? வீட்டுக்கு அங்கிருந்து பத்து நிமிட நடை.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. இத்தனை காலம் நம்மை நிற்க வைத்தாரே, இன்றைக்கு அவர் கொஞ்சம் காத்திருக்கட்டும். சொன்ன நேரத்துக்குப் போய் நின்றால், கூப்பிடுவதற்காகவே ஏங்கிக் கிடந்தவன் என்று ஆகிவிடும். பெண் வீட்டுக்காரனும் ஒரு நாள் தாமதமாக வரட்டும்.

கடைத்தெருவில் வியட்நாம்காரர் கடை ஒன்றில் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். மீன் கடைக்குள் போய் உயிர் மீன்களை வேடிக்கை பார்த்தார், கடைத்தெருவை நாலைந்து முறை சுற்றி வந்தார், ஒரு பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்தார். போன் அடித்தது. மகள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மாப்பிள்ளை. சத்தத்தை அணைத்துவிட்டார். இன்னொரு டம்ளர் சாறு வாங்கினார். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாவது டம்ளர் இறங்கவே இல்லை. மனதுக்குள் ஏதோ விசில் அடித்துக்கொண்டே இருந்தது, கிளம்பு கிளம்பு என்று. ஆயுள் முழுக்க அந்த விசிலுக்குக் கட்டுப்பட்ட மனிதர் அன்று காதைப் பொத்திக்கொண்டார். எழுந்து நடந்தபோது மணி ஒன்றரை தாண்டிவிட்டது.

வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்திருந்தன. ஐயர் வந்து புண்ணியானச் சடங்கைச் செய்துவிட்டுப் போய்விட்டார், வந்த சனமும் பாதி சாப்பிட்டுக் கிளம்பிவிட்டது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே, எப்போதும் இருக்கும் இடத்தை விட்டு வாசலுக்கு மிகப் பக்கத்தில் இழுத்துப் போட்ட கதிரையில் அரியரத்தினம் உட்கார்ந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

பழனிசாமி அவரைப் பார்க்காததுபோலக் குனிந்தார். மகள் வாங்கிக் கொடுத்த கயிறு வைத்த ஷூ. “ட்ரெயின் லேட்டாயிருச்சுங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஒரு முடிச்சை அவிழ்த்தார். கதிரை நகரும் சத்தம் கேட்டது. யாரோ “அப்பா, மெதுவா” என்றார்கள்.

“வாங்கோ சம்பந்தி, வாங்கோ” என்றது குரல்.

குரல் வழக்கமாக வரும் உயரத்திலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. அது அவருக்கு விளங்கியது. விளங்கியும், உடனே நிமிர்ந்தால் மதிப்பு இல்லை என்று இரண்டாவது கயிற்றை நிதானமாக அவிழ்த்தார். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான். கொஞ்சம் நிற்கட்டும்.

பிறகு ஒரு பெரிய சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்தபோது அரியரத்தினம் தரையில் கிடந்தார். கூப்பிய கை பிரியாமல் நெஞ்சுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. இடுப்பு நிலைப்படியில் அடித்திருந்தது. அறைக்குள் பேரன் வீறிட்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் முடியும்வரை ஆஸ்பத்திரி நடையில் யோகாவும் பழனிசாமியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வழமையா விடியக் கண் முழிச்ச உடன போடுற குளிசை அண்ணை. இண்டைக்குப் போடேல்லை. பதினொண்டுக்குச் சம்பந்தி வருவார், பத்தரைக்குப் போட்டால்தான் நல்லா நிக்கலாம் எண்டு வச்சிருந்து போட்டவர்” என்றாள் யோகா. “பதினொண்டுக்கு எழும்பி நிண்டு காட்டினவர். ‘பாரும் யோகா, ஆடாமல் நிக்கிறன்’ எண்டு சின்னப்பிள்ளை மாதிரி. பிறகு நீங்கள் வரக் காணேல்லை. ஒரு மணிக்குக் கேட்டன், இன்னொண்டு போடுங்கோவன் எண்டு. ‘இல்லை, நேரம் வரேல்லை, பிழையாப் போயிடும்’ எண்டிட்டார். சாப்பிடவும் மாட்டன் எண்டிட்டார், சம்பந்தி வராமல் எப்பிடிக் கை நனைக்கிறது எண்டு. தண்ணிகூடக் குடிக்கேல்லை. எழும்ப வேண்டாம் எண்டு எல்லாரும் சொன்னனாங்கள். கேட்டாரே?”

பிறகு, “ரயில் பிந்தினால் நீங்கள் என்ன செய்யிறது அண்ணை” என்று அவரைத் தேற்றினாள்.

பழனிசாமிக்கு வாயில் இன்னும் கரும்புச் சாறு இனித்தது. வாயைக் கழுவிவிட்டு வந்தார், போகவில்லை. ஹரிப்பிரியா எதிரே குழந்தையோடு நின்று அப்பாவைப் பார்த்தாள். ரயில் தாமதமா இல்லையா என்று போனில் ஒரு தட்டுத் தட்டினால் தெரிந்துவிடும். அவள் பார்த்திருப்பாளோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காதது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அதன் பிறகு தினமும் இரண்டு ரயில் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நின்றுவிடுவார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அரியரத்தினத்துக்கு ஆறவில்லை. சீனி வியாதிக்காரரின் புண் அப்படி. உட்கார வைத்தாலே கண் செருகியது. இனிமேல் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மிடோட்ரினை நிறுத்திவிட்டார்கள். அது எழுந்து நிற்பவர்களுக்கான மாத்திரை, படுத்தே இருப்பவருக்குக் கொடுத்தால் கெடுதல் என்று ஹரிப்பிரியா சொன்னபோது, பழனிசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதி மாத்திரை யோகாவின் சமையல்கட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது.

அந்த நாட்களில்தான் இரண்டு பேரும் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள். அரியரத்தினம் மெல்பர்னுக்கு வந்த புதிதில் டாண்டினோங் பக்கம் ஒரு பிஸ்கட் பாக்டரியில் வேலை பார்த்திருக்கிறார். பெல்ட்டில் வரும் பிஸ்கட்டை நின்றுகொண்டே பொறுக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும். உட்கார விடமாட்டார்கள். பதினெட்டு வருடம் அப்படி நின்றாராம். “நீங்கள் பஸ்ஸில நிண்டனீங்கள், நான் பிஸ்கட்டோட நிண்டனான்” என்று சிரித்தார். இதை முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பழனிசாமி நினைத்துக்கொண்டார். பஸ்ஸில் எத்தனை பேரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருப்பார். பெண்ணைக் கொடுத்த வீட்டில், எங்கே இருந்து வந்தீர்கள் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ரயிலில் ஒத்திகை பார்ப்பார். ட்ரெயின் லேட்டில்லைங்க சம்பந்தி, நான்தான் லேட்டு. கட்டிலைப் பார்த்ததும், சாப்பிட்டீங்களா என்று வேறு எதையாவது கேட்டுவிடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் அரியரத்தினமே மெல்லக் கூப்பிட்டார்.

“சம்பந்தி, ஒண்டு கேக்கட்டோ?”

“கேளுங்க.”

“அண்டைக்கு நான் எழும்பி நிண்டனான்தானே? எனக்கு ஒண்டும் நினைவில்லை. கதிரையில கை ஊண்டினது தெரியும், பிறகு இருட்டு. இவை எல்லாரும் நான் விழுந்த கதையைத்தான் சொல்லினம். நிண்டதை ஒருத்தரும் சொல்லினமில்லை. நீங்கள்தான் எனக்கு முன்னால நிண்டது. பாத்தனீங்கள்தானே?”

பழனிசாமிக்குத் தன் ஷூவின் கயிறு ஞாபகம் வந்தது. அதன் பிரிந்த நுனி, தரையில் கிடந்த ஒரு பூ இதழ், எல்லாம் துல்லியமாக ஞாபகம் வந்தன. அந்த நேரத்தில் அவர் பார்த்தது அவ்வளவுதான். கேட்டு வாங்கிய மரியாதையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்றும் தெரிந்தது, இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

நாற்காலியை விட்டு எழுந்தார்.

“பாத்தனுங்க சம்பந்தி. நல்லா நின்னீங்க. ரெண்டு கையும் கூப்பி, ஆடாம, நேரா நின்னீங்க.”

அரியரத்தினத்தின் முகம் விரிந்தது. “அது எனக்குக் காணும்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பழனிசாமி கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த நர்ஸ், நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.